எட்டு

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
வாக்காளர் பட்டியலைப் பென்சிலால் நகலெடுத்தேன்.
படம் பிடிக்கக் கூடாது. பேனா கூடாது.
முப்பத்தேழு பேருக்கு ஒருவர் வீதம்
எண்ணிக்கொண்டே இறங்கியது விரல்.
விரல் நின்ற இடத்தில் ஒரு பெயர்.

அப்படித்தான் அவள் கிடைத்தாள்,
சகாதா துறைமுகத்தில்,
பனி மேலிருந்து விழாமல்
தரையிலிருந்து கிளம்பி முகத்தில் அறையும் பிப்ரவரியில்.
வரிசை எண் நானூற்றுப் பதினேழு.
பெயரைச் சொல்ல மாட்டேன்,
படிவத்தின் முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
வயது ஐம்பத்து மூன்று.
கணவாய் உலர்த்தும் கூடத்தில் வேலை.

செருப்பு விடும் இடத்தில் நின்றபடியே கேட்டேன்:
அமைச்சரவையை ஆதரிக்கிறீர்களா?
சொல்வதற்கில்லை.
வரியைக் கூட்டலாமா?
சொல்வதற்கில்லை.
உங்களைப் போன்றவர்களைப் பற்றி
அரசியல்வாதிகள் கவலைப்படுகிறார்களா?
"என்னைப் போன்றவர் என்றால் எப்படிப்பட்டவர்?"

கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல்
திரும்ப வாசிப்பதுதான் விதி.
திரும்ப வாசித்தேன்.
சொல்வதற்கில்லை.

'ஆம்' ஒன்று, 'இல்லை' இரண்டு,
மறுத்தால் ஒன்பது.
எங்கள் கைக்கு எட்டாததற்கெல்லாம்
எட்டு.

இருபத்தாறு கேள்விகளில் பத்தொன்பது எட்டு.
நன்றி சொல்லி,
ஐந்நூறு யென் புத்தகச் சீட்டை இரு கையாலும் நீட்டி,
பேனாவை மூடினேன்.

அப்போதுதான் கவனித்தேன்:
காகிதக் கதவுக்குப் பின்னால்
இவ்வளவு நேரமும் அடங்கிக் கிடந்த தொலைக்காட்சி
மறுபடி உரக்கப் பேசியது.
சுமோ. யாரோ யாரையோ வளையத்துக்கு வெளியே தள்ளினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அடியில் அவள் ஆரம்பித்தாள்.
மூடிவிட்ட பிரசவ வார்டு.
ஆறு ஏறிய இரவில் மணல்மூட்டை கொண்டுவந்தவர்கள்,
மறுநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்.
தேர்தல் வேனில் வெள்ளைக் கையுறை ஆட்டுகிறார்களே,
"உள்ளே கை இருக்கிறதா என்று
உற்றுப் பார்த்திருக்கிறேன்."
முப்பது வருடமாக அவர் யாருக்குப் போடுகிறார் என்று
அவளுக்குத் தெரியும். அவள் யாருக்கு என்று
அவருக்குத் தெரியாது.
"இந்த வீட்டில் எனக்கென்று
தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான்."

நாற்பது நிமிடம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கால்விரல்கள் மரத்துப்போயின.

செந்தாயில், ஆய்வகத்தில்,
ஹொனாமி எண்களை ஏற்றினாள்.
எட்டு, எட்டு, எட்டு. விசையில் அந்த எழுத்து
பாதி அழிந்திருந்தது.
வடகிழக்கில் அந்த வயதுப் பெண்கள்
போதிய அளவு அகப்படவில்லை என்பதால்
நானூற்றுப் பதினேழுக்கு எடை ஒன்று புள்ளி மூன்று ஏழு.
அவள் சொல்லாமல் விட்டதும்
ஓர் ஆளுக்கு மேல் கனத்தது.

வரைபடத்தில் நீலம், சிவப்பு,
நடுவில் அகலமான சாம்பல் பட்டை.
"ஆர்வமின்மை" என்று தலைப்பு வைத்தார்
பேராசிரியர் துகாஷி.
சரியான மனிதர்தான்.
சாம்பலை யாராலும் கோட்பாடாக்க முடியாது,
எட்டையும் ஒன்பதையும் சேர்த்துத் தள்ளிவிடு என்றார்.

படிவங்களின் ஓரக்குறிப்புகளைத்
திரும்பப் புரட்டினேன்.
'மாமியார் அருகில்.' 'மகன் எட்டிப் பார்த்தான்.'
'தொ.கா. சத்தம் குறைந்தது.'
புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்:
வேறு ஆள் கேட்கும் தூரத்தில் இருந்தாரா.
எல்லா எட்டையும் அது விளக்கவில்லை.
கொஞ்சம் பேருக்கு
நிஜமாகவே சொல்வதற்கில்லை.
அவர்களையும் நான் நம்புகிறேன்.

அடுத்த சுற்று, அடுத்த பிப்ரவரி.
கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள்,
உள்ளே திரும்பிப் பார்த்தாள்,
ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்து
மூலையிலிருந்த மண்வாரியை எடுத்தாள்.
"பனி தள்ளிக்கொண்டே சொல்கிறேன், வாங்க."

காற்றில் படிவம் படபடத்தது.
முதல் கேள்வியைக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.
அவள் மண்வாரியை ஊன்றி நின்று
ஒரே சொல்லில் பதில் சொன்னாள்.

எழுதிக்கொண்டேன்.
அது எட்டு இல்லை.
நான் வெளியிடக்கூடியது அவ்வளவுதான்.